பால்குடி மறத்தல்

சித்திரை பிறந்து, பண்ருட்டிக் கடைத்தெரு முழுக்கப் பலாப்பழ வாசனையாக இருந்தது. மண்டிக்கு வந்த லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலைத் தாண்டி மருந்துக்கடைப் படியேறிய அனுப்பிரியா, ஒரு பால் பாட்டில் வேண்டும் என்று கேட்டாள். அவள் குரல் கடைக்காரர் வரைக்கும் போகவில்லை. பின்னால் வந்த புருஷன் இளவரசுதான் மறுபடி சத்தமாகக் கேட்டான்.

“கொழந்தைக்கு பால் பாட்டில் ஒண்ணு குடுங்க.”

“எத்தினி மாசம்?”

“நாலு முடியப் போவுது.”

கடைக்காரர் வயதானவர். அனுப்பிரியாவை ஒரு தரம் பார்த்தார். காலையிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்காததால் அவள் ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடியும் ஈரம் தெரிந்தது.

“ஏம்மா, பால்தான் நல்லா இருக்குது போலருக்கே. அப்பறம் எதுக்கு பாட்டிலு? ஆறு மாசத்துக்கு தாய்ப்பால்தான் குடுக்கணும்னு எழுதியே ஒட்டியிருக்குது பாரு.”

அவர் காட்டிய சுவரில் ஒரு படம் இருந்தது. ஒருத்தி சிரித்த முகத்தோடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அனுப்பிரியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர் சொல்லித்தாங்க வாங்குறோம். எடுத்துப் போடுங்க,” என்றான் இளவரசு.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து வரிசையாக எடுத்து வைத்தார். “இது சாதா. இது வாய் அகலம், உள்ள கைய உட்டு கழுவலாம். இது கண்ணாடி, பால் நாத்தம் புடிக்காது, ஆனா கீழ போட்டா போச்சு. இது எவர்சில்வர். பாட்டில உடுங்க, நிப்பிள்தான் முக்கியம். ஓட்ட பெருசா இருந்தா பொரையேறும். சின்னதா இருந்தா இழுத்து இழுத்து வாய் வலிச்சி உட்டுடும்.”

“இதுல எதுங்க நல்லது?”

“அத எப்பிடிப்பா நான் சொல்றது? ஒவ்வொரு கொழந்த ஒவ்வொண்ணுல குடிக்கும்.”

இளவரசு ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தான். பலா மரத்தில் காய் தட்டிப் பார்க்கிறவன் போலச் சுண்டியும் பார்த்தான். கடைசியில் வாய் அகலமான ஒன்றையும் ஒரு டின் பவுடர் பாலையும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அவர்கள் அன்று காலை புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். மார்பில் இருந்த கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்துப் போனதற்கு முடிவு வந்திருந்தது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. நாற்காலியை இழுத்துப் போட்டு அனுப்பிரியாவின் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

“புத்துநோய்தாம்மா. தள்ளிப்போட முடியாது. வர்ற வியாழக்கிழமை மருந்து ஏத்த ஆரம்பிச்சிடணும். மருந்து ஏறுனதுக்கப்புறம் குழந்தைக்கு உங்க பால் குடுக்கவே கூடாது. அதுக்குள்ள பாட்டில் பழக்கிடுங்க.”

அனுப்பிரியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “கட்டி இல்லாத பக்கத்துல குடுக்கலாமா மேடம்?”

“ரெண்டு பக்கமும்தாம்மா.”

அந்தக் கட்டி பிரசவத்துக்கு முன்பே இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு பெரிதானது. பால் கட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினாள். ஊருக்கு வரும் நர்சும் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் பிள்ளையை ஜாஸ்தி குடிக்க விடு, கரைந்துவிடும் என்றாள். அனுப்பிரியாவும் அந்தப் பக்கமே அதிகம் கொடுத்தாள். பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் பிடித்துப் போயிருந்தது.

அண்ணாகிராமத்துக்கு மேற்கே, தார் ரோட்டை விட்டுச் செம்மண் பாதையில் உள்ளே போனால் அவர்கள் ஊர். ‘தானே’ புயலில் எல்லாம் விழுந்து மறுபடி நட்டு வளர்த்த முந்திரிக் காடு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கொல்லையில் இரண்டு பலா மரங்கள். இளவரசு குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தான். சீசனில் பலாப்பழ லோடு, மற்ற நாளில் கிடைத்த லோடு. அவன் அக்கா மங்கலம் அவர்களோடுதான் இருந்தாள். வடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டுக்குத் தினமும் போய்வந்தாள். கொட்டை எண்ணெய் பட்டு அவள் விரல்கள் எல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும்.

வண்டிச் சத்தம் கேட்டு மங்கலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிள்ளை கனிமொழி அழுது அழுது களைத்திருந்தாள்.

“பீச்சி வெச்சிட்டுப் போன பால பாலாடையில ஊத்தனேன். ரெண்டு வாய் குடிச்சா. அப்பறம் தட்டி உட்டுட்டா. பூரா எம் பொடவையிலதான் கெடக்குது. இன்னா சொன்னாங்க?”

அனுப்பிரியா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இளவரசு வண்டியிலிருந்து பையை எடுத்து அக்கா கையில் கொடுத்தான். மங்கலம் பிரித்துப் பார்த்தாள். உள்ளே பாட்டில் இருந்தது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் வியாதியைப் பற்றிப் பேசவில்லை. பாட்டிலைப் பற்றியே பேசினார்கள்.

முதல் பாட்டிலை வெந்நீரில் கொதிக்க வைத்து, பவுடரைக் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அனுப்பிரியாவே மடியில் வைத்துக் கொடுத்தாள். கனிமொழி ரப்பரை நாக்கால் வெளியே தள்ளினாள். மறுபடி வைத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பி, தாயின் ரவிக்கையில் முகத்தைத் தேய்த்துத் தேடினாள்.

“ஒங்கிட்ட இருந்தா அவ எப்பிடி பாட்டில்ல குடிப்பா? வேற யாராச்சும் குடுக்கணும்,” என்றாள் கொளஞ்சியம்மாள். “வேப்பெலய அரைச்சி மாருல பூசிக்க. எங்க வூட்டுல எல்லாரையும் அப்பிடித்தான் மறக்கடிச்சோம்.”

“அது ரெண்டு வயசு புள்ளைக்கு அத்த. இது பச்சப் புள்ள.”

“வேற வழி?”

வேப்பிலையும் பூசினாள். பிள்ளை ஆசையாக வாய் வைத்தது. முகம் சுருங்கியது. விட்டுவிட்டுத் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. மறுபடி வாய் வைத்துக் கசப்போடேயே குடித்தது. அனுப்பிரியா அதற்கு மேல் வேப்பிலையைத் தொடவில்லை.

இளவரசு லோடு ஏற்றிப் போகிற ஊரிலெல்லாம் மருந்துக்கடை தேடினான். நெய்வேலியில் ஒன்று வாங்கினான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒன்று வாங்கினான். சட்டையில் பலாப் பால் பிசுபிசுக்க, வந்ததும் வராததுமாகப் பையைப் பிரிப்பான்.

“இதுல காத்து போறதுக்கு தனியா ஓட்ட வெச்சிருக்கான் அனு. வயித்துல காத்து ஏறாதாம். இத போட்டுப் பாரு.”

“மொதல்ல சாப்புடுங்க மாமா. கை கால கூட கழுவல.”

“நீ போட்டுப் பாரேன். அந்தக் கடக்காரர் ரொம்ப கியாரண்டியா சொன்னாரு.”

போட்டுப் பார்த்தார்கள். கனிமொழி ஒரு தரம் சப்பினாள். இளவரசு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். பிள்ளை இருமிப் பாலைத் துப்பியது. அவன் எழுந்து கொல்லைப் பக்கம் போய், ரொம்ப நேரம் கை கழுவினான்.

மங்கலம் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். ஷெட்டிலிருந்து வந்ததும் விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவாள். அப்படியும் அன்றைக்கு அனுப்பிரியா பாட்டிலை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

“நிப்பிள்லயே முந்திரி எண்ண நாத்தம் அடிக்குது அண்ணி. அதான் வாய் வெக்க மாட்டேங்கறா. நீங்க கைய நல்லா கழுவுனீங்களா இல்லியா?”

“கழுவிட்டுதாம்மா வந்தேன்.”

“கழுவுனா போயிடுமா? வெரலப் பாருங்க, கரி மாதிரி.”

மங்கலம் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். “செரி. நாளையிலருந்து ஷெட்டுக்குப் போவல. கையி வெளுத்துடும்.”

“போவாம வூட்டுல இருந்து இன்னா பண்ணப் போற?” அனுப்பிரியாவின் குரலில் மரியாதை கழன்றுவிட்டது. “நான் எப்ப போவேன், புள்ளய தூக்கி வெச்சிக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்கியா? ஒனக்குத்தான் பொறக்கல. எம் புள்ளதான் கெடச்சுதா?”

கொளஞ்சியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றுபோய் இந்தப் பக்கம் பார்த்தாள். இளவரசு, “அனு!” என்று அதட்டினான்.

மங்கலம் அவனைக் கையமர்த்தினாள். “உடு தம்பி. அது வயித்தெரிச்சல்ல பேசுது.” சிந்திய பாலைத் துணியால் துடைத்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். மறுநாள் அவள் ஷெட்டுக்குப் போகவில்லை. அனுப்பிரியாவும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் மங்கலத்தின் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி பலாக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள்.

திங்கட்கிழமை அனுப்பிரியாவின் அண்ணன் திருநாவுக்கரசு சிதம்பரத்திலிருந்து வந்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. கையில் ஒரு பெட்டி.

“மேல வீதியில ஒரு கடையில வாங்கனேன் மச்சான். எம் வூட்டுக்காரி சொல்லி அனுப்பனா. நிப்பிள் தாய் மாரு மாதிரியே மெத்துனு இருக்கும்னு சொன்னாங்க,” என்று இளவரசிடம் கொடுத்தான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பற்றியே பேசினான். எப்படிக் கழற்றுவது, எப்படிக் கழுவுவது, எத்தனை நிமிஷம் கொதிக்க வைப்பது.

அனுப்பிரியா அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். “அண்ணி சௌக்கியமா?”

“ம்.” டம்ளரை வாங்கினவன் குடிக்கவில்லை. “அனு, அம்மாவுக்கும் இதேதான் இருந்துதோ? நமக்குத்தான் தெரியாம போச்சோ?”

“இப்ப அத ஏண்ணா பேசற. மோர குடி.”

அந்த பாட்டில் நல்ல பாட்டில்தான். அகலமான ரப்பர், தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் தாய் வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் பிள்ளை எதிலும் குடிக்காது என்று கொளஞ்சியம்மாள் அடித்துச் சொன்னாள். அதனால் செவ்வாய்க்கிழமை வெயில் ஏறியதும் அனுப்பிரியாவை அவள் முந்திரிக் காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

மரத்தடியில் முந்திரிப் பழங்கள் விழுந்து அழுகிக் கிடந்தன. ஈ மொய்த்தது. கொட்டை பொறுக்கி முடித்த காடு, ஆள் சத்தம் இல்லை. இருவரும் காய்ந்த சருகின்மேல் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வீட்டுப் பக்கமிருந்து அழுகை வந்தது.

“பசியெடுத்துடுச்சி,” என்றாள் அனுப்பிரியா.

“பசிக்கட்டும். பசிச்சாத்தான் குடிக்கும்.”

அழுகை ஏறியது. நடுவில் மங்கலம் ஏதோ பாடிச் சமாதானம் செய்கிற குரல். பிறகு வெறும் அழுகை. அனுப்பிரியாவின் ரவிக்கை தானாக நனைந்தது. இரண்டு கையாலும் மார்பை அழுத்திக்கொண்டாள். கட்டி இருந்த இடம் கல் மாதிரி வலித்தது.

“கேக்காத. காத பொத்திக்க.”

“பொத்துனாலும் கேக்குது அத்த.”

“இங்க பாரு, ஒம் புள்ள நல்லதுக்குத்தான. நீ ஆஸ்பத்திரியில இருக்கறப்ப அது பட்டினி கெடக்கணுமா?”

அழுகை மெல்ல உடைந்து கரகரத்தது. விட்டு விட்டு வந்தது. பிறகு திடீரென்று நின்றது. அனுப்பிரியா எழுந்து நின்றாள். கொளஞ்சியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்தாள். “குடிக்குதுடி! அதான் சத்தமில்ல. உக்காரு.” ஆனால் அனுப்பிரியா உதறிவிட்டு ஓடினாள். செருப்பு மரத்தடியிலேயே கிடந்தது.

உள்ளே மங்கலம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடி கலைந்திருந்தது. பாட்டில் பிள்ளையின் வாயில் இருந்தது. தாயைப் பார்த்ததும் கனிமொழி ரப்பரைத் துப்பிவிட்டு, தொண்டை கட்டிய குரலில் ஒரு சத்தம் போட்டாள். அனுப்பிரியா பிள்ளையைப் பிடுங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். விசும்பிக்கொண்டே பிள்ளை குடித்தது.

“இன்னும் ஒரு நொடி பொறுத்திருக்கக் கூடாதா அனு?” மங்கலத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “அப்பத்தான் சப்ப ஆரம்பிச்சா. ரெண்டு தரம் சப்பிட்டா. நானே எண்ணனேன்.”

அனுப்பிரியா அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை. விடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெயில் அனலாகக் கொட்டியது. பலா இலைகூட அசையவில்லை. அனுப்பிரியா இரண்டு நைட்டி, ஒரு துண்டு, சீப்பு என்று பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சீப்பை மறுபடி வெளியே எடுத்து வைத்தாள். விட்டத்தில் புடவையால் கட்டிய ஏணையில் கனிமொழி தூங்கி எழுந்து சிணுங்க ஆரம்பித்தாள்.

மங்கலம் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தாள். அனுப்பிரியா நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மங்கலம் கட்டியிருந்தது அனுப்பிரியாவின் ஊதாப் புடவை. முந்தின நாள் கட்டி, துவைக்கப் போட்டிருந்தது. மார்புப் பக்கம் பால் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“யார கேட்டு எம் பொடவய எடுத்தீங்க?”

மங்கலம் தயங்கினாள். “கோவிச்சிக்காதம்மா. ஏணையில ஒம் பொடவய கட்டுனா தூங்கறா. அத துவைச்சிப் போட்டு என்னுத கட்டுனா கத்தறா. அதான், இதக் கட்டிக்கிட்டுக் குடுத்தா…”

அனுப்பிரியா சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

மங்கலம் பிள்ளையை எடுத்து மடியில் கிடத்தினாள். சிதம்பரத்திலிருந்து வந்த பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கனிமொழி வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள். திருப்பிய முகம் புடவைக்குள் புதைந்தது. மூக்கை அதில் தேய்த்தாள். சிணுங்கல் நின்றது. வாய் திறந்து தேடியது. மங்கலம் ரப்பரை மெல்ல உள்ளே கொடுத்தாள்.

பிள்ளை குடித்தது. நிறுத்திப் பார்த்தது. மறுபடி குடித்தது. பாட்டிலுக்குள் குமிழி குமிழியாகக் காற்று ஏறியது.

வாசலில் வண்டிக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த இளவரசு உள்ளே வந்தான். பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. “அனு! குடிக்கிறா பாரு! ஏய், வந்து பாரேன்! பாதி பாட்டில காலி பண்ணிட்டா!”

அனுப்பிரியா வரவில்லை. கதவு இடுக்கு வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் புடவைக்குள் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் சின்னக் கை எழும்பி, அந்தப் புடவையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது.

சாயங்காலம் மார்பு கனத்து வலித்தது. கொல்லைக்குப் போய்ப் பலா மரத்தடியில் பாலைப் பீச்சி விட்டாள். கால்படாத இடத்தில்தான் விட வேண்டும் என்பார்கள். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது. திரும்பி வந்து மங்கலத்திடம், “பச்சப் பொடவையும் துவைக்காம வெச்சிருக்கேன் அண்ணி, நாளைக்கு வேணுமில்ல,” என்றாள்.

“நான் பாத்துக்கறேன். நீ தைரியமா போயிட்டு வா.”

மருந்து ஏறியது. பால் வற்றுவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அனுப்பிரியாவால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. வாயெல்லாம் புண். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. அவள் சொல்லி, இளவரசே மழித்துவிட்டான். பிள்ளையின் சளி, காய்ச்சல் ஏதும் அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று தனியாகப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் வாசல் அறையில் படுத்திருந்தாள். பாட்டில்களைக் கழுவிக் கொதிக்க வைக்கிற வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முடியாத நாளிலும் அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கொதிக்கிற தண்ணீரில் பாட்டில் உருளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலையில் மங்கலம் வந்து நிற்பாள். “நேத்து கட்டுனத குடும்மா.” அனுப்பிரியா மடித்து வைத்த புடவையை எடுத்துக் கொடுப்பாள். அதைக் கட்டிக்கொண்டு மங்கலம் பாலைக் கொடுப்பாள். ஆனி பிறந்து பலா சீசன் ஓயும் வரைக்கும் இப்படியே போயிற்று. கனிமொழிக்குக் கன்னம் உப்பியது. குப்புற விழுந்து நீந்த ஆரம்பித்தாள்.

ஆனிக் கடைசியில் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா இளவரசை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அனுப்பிரியா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தவன், “ஊசி இன்னும் கொஞ்சம் போடணுமாம். வா போவலாம்,” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வண்டி கடலூர் வந்தது. பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு மருந்துக்கடை முன்னால் நிறுத்தினான். இறங்கிப் போய் ஒரு பையோடு வந்தான். அவள் பிரித்துப் பார்த்தாள். பெரிய பாட்டில் ஒன்று. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் காது வைத்தது.

“இது எதுக்கு மாமா? இருக்கறதுலதான் நல்லா குடிக்கிறாளே.”

“கொஞ்சம் பெருசானா இதுதான் வேணுமாம். அதுவே கையில புடிச்சிக்கிட்டுக் குடிக்கும்.”

“பெருசானப்ப வாங்கிக்கலாமில்ல?”

அவன் சாவியைத் திருகினான். வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருகினான். பிறகு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அனுப்பிரியா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “எங்க போயிருக்குதாம்?”

“ஈரல்ல,” என்றான். தலையைத் தூக்காமலே, “எலும்புலயும்.”

அவள் அவன் முதுகில் கை வைத்தாள். “வண்டிய ஓரமா எடுங்க மாமா. பாவம், பஸ்ஸுக்காரன் நிக்கிறான்.”

மறுநாள் காலையில் மங்கலம் வழக்கம்போல வந்து நின்றாள். கை நீட்டினாள். அவள் விரல்களில் கறுப்பு முழுதாகப் போய்த் தோல் புதிதாக இளஞ்சிவப்பாக இருந்தது.

“நேத்து கட்டுனத குடும்மா.”

“இன்னிக்கி வேணாம் அண்ணி. ஒங்க பொடவயிலயே குடுங்க.”

“குடிக்க மாட்டாளே.”

“அழுவா. அழுதுட்டுக் குடிப்பா. அன்னிக்கும் அப்பிடித்தான் குடிச்சா, நான்தான் ஓடியாந்து கெடுத்துட்டேன்.” அனுப்பிரியா தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டாள். “இப்ப எம் பொடவையில மருந்து நாத்தம்தான் அடிக்குது. அது வேணாம் அவளுக்கு. ஒங்கள பழகட்டும்.”

“இப்ப இன்னா அவசரம்?”

அனுப்பிரியா அவளைப் பார்த்தாள். மங்கலத்துக்குத் தம்பி இரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தது ஞாபகத்துக்கு வந்தது. அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

“போங்க அண்ணி. பசி நேரம்.”

மங்கலம் உள்ளே போனாள். பிள்ளையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. அனுப்பிரியா கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முந்திரிக் காட்டில் கேட்ட அந்த அழுகை இப்போது வரும், எவ்வளவு நேரமானாலும் எழுந்து போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அழுகை வரவில்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. கொல்லையில் கொளஞ்சியம்மாள் கோழிக்குத் தவிடு போட்டுக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகும் வரவில்லை. வீட்டுக்குள் ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டிலுக்குள் காற்று ஏறுகிற குமிழிச் சத்தம். விடாமல், நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணி,” என்று அனுப்பிரியா குரல் கொடுத்தாள். “குடிக்கிறாளா?”

உள்ளே மங்கலம் குனிந்து பார்த்தாள். அவள் மடியில் கனிமொழி கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது.

“எங்கம்மா குடிக்கறா,” என்றாள் மங்கலம். “வாயே தொறக்க மாட்டேங்கறா. மொகத்த மொகத்த திருப்பிக்கறா. ஒன்னத்தான் தேடுறா.”

குமிழிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அனுப்பிரியா கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள்.

“செரி அண்ணி,” என்றாள். “கொஞ்ச நேரம் பாருங்க. குடிச்சிடுவா.”